கலர்க்காரம்மாவும் ஒரு தப்பான பச்சையும்

என் வீட்டுக்காரிக்கு வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது. யாராவது ஷெட்டுக்கு வந்து, "வண்டிக்கு வெள்ளை அடிக்கணும்" என்று சொல்லிவிட்டால் போதும், "எந்த வெள்ளை?" என்று கேட்டு அவரைத் திணறடித்துவிடுவாள். மஞ்சள் ஓடுகிற வெள்ளையா, நீலம் ஓடுகிற வெள்ளையா, ஒரு சொட்டுக் கறுப்பு விழுந்த வெள்ளையா என்று அவள் அடுக்க ஆரம்பித்தால், வந்தவர் தன் வண்டி என்ன நிறம் என்பதையே மறந்துபோய் நிற்பார். ஊரில் பலருக்கும் அவள் கலர்க்காரம்மா. எனக்கு, அவள் காதில் விழாத தூரத்தில், ஹைகோர்ட்டு.

நான் டிங்கர். இடித்து நசுங்கி வரும் வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. அதைத் தேய்த்து, கலர் கலந்து அடிப்பது அவள் வேலை. நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் தெருமுனைப் பெயிண்ட் கடையில் கலர் கலந்துகொண்டிருந்தாள். நசுங்கிய பள்ளம் தெரியாமல் நானே பட்டி பார்த்து முடித்த ஒரு கதவைக் கலருக்காகக் கொண்டுபோயிருந்தேன். உள்ளங்கையால் அதை ஒரு தடவு தடவிவிட்டு, "இதுக்குப் பட்டி பாத்தது யாரு? சுவத்துக்கு சிமெண்ட் பூசற ஆளா?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. "எங்க ஷெட்டுல ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லிவைத்தேன். கல்யாணமான பிறகுதான் உண்மையை ஒப்புக்கொண்டேன். "அன்னிக்கே தெரியும். உங்க நகக்கண்ணு பூரா பட்டி" என்றாள். தெரிந்தும் என்னைக் கட்டிக்கொண்டாளே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

வேலை நேரத்தில் நிறமே இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வெளுத்த சட்டையை மேலே மாட்டிக்கொள்வாள். பளிச்சென்று உடுத்தினால் அந்த நிறம் வண்டியின்மேல் விழுந்து கண்ணை ஏமாற்றுமாம். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரும் வாடிக்கையாளரைக்கூட, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், உங்க சட்டை என் வேலையைக் கெடுக்குது" என்று சொல்லித் துரத்துவாள். எந்த நிறத்தையும் முறைத்துப் பார்க்க மாட்டாள். ஒரு பார்வை, உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வது, மறுபடி ஒரு பார்வை. பார்க்கிறவர்களுக்கு, அவளுக்கும் அந்தக் கதவுக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இல்லாதது மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு குணம்தான் என்னால் தாங்க முடியாதது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒரு தடவை, அடித்து, காயவைத்து, பாலிஷும் போட்டுச் சாவியைக் கொடுக்கப்போன காரை, "கதவுல பச்சை ஒரு மயிரிழை தூக்கலா இருக்கு" என்று திருப்பி வாங்கிக்கொண்டாள். கார்க்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, தெருவில் போன யாருக்கும் தெரியவில்லை. "உனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?" என்று நான் கத்தினேன். "போதும்" என்றாள். மறுபடி அடித்தோம்.

இப்படிப்பட்டவளுடைய கையில்தான் எங்கள் அப்பாவின் பிக்கப் வண்டி வந்து சேர்ந்தது.

அந்த வண்டி ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் பல வருஷமாகக் கிடந்தது. அப்பா அதில் கண்ணாடி ஏற்றிப் பிழைத்தவர். ஜன்னலுக்குப் போடும் பெரிய பெரிய கண்ணாடிகளை மரச் சட்டத்தில் சாய்த்துக் கட்டி, ஒன்றுகூட உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கண்ணாடிக்காரர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆள் சரியான கல்லுளிமங்கன். வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு வயதாகிவிடும். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா அவருக்கும் முன்னால். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்த வண்டி சாம்பல் நிறம்தான். அதை மறுபடி ஓடவைத்து, ஷெட் வேலைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தபோது, சாம்பலையே அடித்துவிடுவது என்றுதான் இருந்தேன்.

செய்தி கேட்டு அக்கா வந்தாள்.

அக்காவுக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டைவிட்டுப் போனவள். அப்பா தடுக்கவும் இல்லை, அதற்கப்புறம் அவளோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அப்பா இறந்த பிறகுதான் அவள் வீட்டுக்குள் காலடி வைத்தாள். தையல்காரி. வாடகைக்குப் பிடித்த ஒரு சின்ன அறையில் மிஷின் போட்டு, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள். மூக்கின் மேல் கோபம், ஆனால் என்னைப் பார்த்தால் மட்டும் குரல் தணிந்துவிடும்.

தார்ப்பாயை விலக்கி ஷெட்டுக்குள் தள்ளிவைத்திருந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு முன் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கவிழ்த்த டப்பாவில் உட்கார்ந்தாள்.

"இது பச்சை வண்டிடா."

"எனக்குத் தெரிஞ்சு சாம்பல்தானே அக்கா?"

"உனக்கு என்ன தெரியும்? வாங்கப் போன அன்னிக்கு ரெண்டு வண்டி நின்னுது. ஒண்ணு க்ரீம், ஒண்ணு பச்சை. எனக்கு ஆறு வயசு. அப்பா என்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, எது வேணும்னு கேட்டார். நான் பச்சையக் காட்டினேன். கடைக்காரர் சிரிச்சார். அப்பா சிரிக்கல. அதையே எடுத்துட்டார்."

அதற்கப்புறம் அவள் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை. கல்யாணமாகி, முதல் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாளாம்.

"அப்பா வண்டி சத்தம் எனக்குத் தெரியும். தூரத்துலயே கேட்டுடுச்சு. கையைக் காட்டலாமான்னு யோசிச்சேன். பிள்ளையக் காட்டிடலாம்னு ஒரு ஆசை. வந்தது சாம்பல் வண்டி. உள்ள அப்பா. அவர் என்னைப் பாக்கல. தூக்கின கையை அப்படியே கீழ போட்டுட்டேன்."

அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். தான் காட்டிய நிறம் என்பதால் அப்பா அதை மூடிவிட்டார், அதோடு சேர்த்துத் தன்னையும் மூடிவிட்டார். அவர் போன பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. தலைமுடி நரைத்த பிறகும் போகவில்லை. "அந்தப் பச்சையை ஒரு தடவ பாத்துடணும். அவர் எதுக்கு மூடினார்னும் தெரிஞ்சுக்கணும். உன் பொண்டாட்டி பெயிண்ட்டைப் பாத்தே எல்லாம் சொல்லிடுவாளாமே?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "யாருக்கு யார் மேல கோபம், யாருக்கு யார் மேல பாசம்னு பெயிண்ட் சொல்லாது அண்ணி. எது முதல்ல அடிச்சது, எது பின்னால அடிச்சதுன்னு மட்டும்தான் சொல்லும்."

"அதையாவது சொல்லச் சொல்லு" என்றாள் அக்கா.

பழைய வண்டிகளில் கலர் நம்பர் பொறித்த ஒரு சின்னத் தகடு இருக்கும். இதில் அது எப்போதோ கழன்றுபோய், ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் மிச்சம். அதனால் என் வீட்டுக்காரி கதவின் ஓரத்தில், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். நடுவில் ஆழமாகவும் ஓரத்துக்குப் போகப் போக மேலாகவும் தேய்த்தால், அடித்த பூச்சுகள் ஒவ்வொன்றும் ஒரு வளையமாகத் தெரியும். நடுவில் இரும்பு மின்னியது. அதைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் அடிப்பூச்சு, அதைச் சுற்றிப் பச்சை, வெளி வளையம் சாம்பல். அக்கா குனிந்து அந்தப் பச்சை வளையத்தைப் பார்த்தாள்.

நான் வண்டி முழுக்கத் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் ஒட்டு இல்லை, பட்டி இல்லை, இடித்த தடமே இல்லை. பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவே துருவும் இல்லை. எதற்காகவும் கலர் மாற்றவேண்டிய அவசியம் வண்டிக்கு வரவில்லை. இதை அக்காவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நான் கண் ஜாடை காட்டினேன். ஹைகோர்ட்டு கேட்குமா?

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல அண்ணி. நல்லா இருந்த பச்சை மேலதான் சாம்பலை அடிச்சிருக்காங்க."

"நான்தான் சொன்னேனே" என்றாள் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று நான் என் வீட்டுக்காரியோடு சரியாகச் சண்டை போட்டேன். "ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிடுவ?" என்றேன். "உங்கக்கா பொய் கேக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். பதில் வராதபோது நான் சுத்தியலை எடுத்துக்கொள்வது வழக்கம்.

இருந்தாலும் அக்கா கேட்ட பச்சையைக் கண்டுபிடித்துத் தருவதாக அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள். வெளிப்பக்கத்துப் பச்சையை நம்ப முடியாது. வருஷக்கணக்கில் வெயில் தின்றது, சாம்பல் அடிக்குமுன் தேய்த்தும் விட்டிருக்கிறார்கள். வெயில் படாத, யாரும் கை வைக்காத இடம் வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு நிரந்தர விலாசம் உண்டு. டேஷ்போர்டில் இருக்கும் சின்னப் பெட்டியின் மூடி, அதன் உட்பக்கம். வண்டியைப் பத்துத் தடவை மாற்றி அடித்தாலும் அந்த இடத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்பாள். மூடியைத் திறந்தோம். உட்பக்கம் பச்சை. அழுக்கைத் துடைத்துப் பாலிஷ் போட்டதும் பளபளவென்று வந்தது.

"பாத்தீங்களா? பெட்டி மூடி பொய் சொல்லாது" என்று என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். பிரஷ் தடம் லேசாகத் தெரிகிறதே என்று நான் கேட்டதற்கு, அந்தக் காலத்தில் உட்பக்கங்களைக் கம்பெனியிலேயே பிரஷ்ஷால் தடவி அனுப்புவதும் உண்டு என்று வாயை அடைத்தாள். அந்தப் பச்சையைப் பார்த்துக் கலந்து, ஒரு தகட்டில் அடித்து, காயவைத்து, அக்காவை வரவழைத்தாள்.

அக்கா தகட்டை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோனாள். ஒரு பார்வை பார்த்தாள். முகத்தைத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள். வேறு ஒருத்தி இப்படிப் பார்ப்பதை நான் கண்டதில்லை.

"இது இல்லம்மா."

"இதுதான் அண்ணி."

"இதுல மஞ்சள் ஓடுது. அதுல நீலம் இருந்துச்சு. கொஞ்சூண்டுதான், ஆனா இருந்துச்சு."

"உங்களுக்கு இருக்கறது ஞாபகம். எனக்கு இருக்கறது சாட்சி."

"தினம் நூறு துணிக்கு நூல் மேட்ச் பண்றவ நான். நீ எனக்குப் பச்சை சொல்லித் தர்றியா?"

"துணி வேற, தகடு வேற."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் அந்த மத்தளத்தைவிட மோசம், இருவரும் திரும்பி, "நீ சொல்லுடா", "நீங்க சொல்லுங்க" என்று என்னையே கேட்டார்கள். எனக்கு அந்தத் தகடு பச்சையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விட்டுவிடுகிறேன்.

அக்கா கோபித்துக்கொண்டு போனாள். இவள் கோபித்துக்கொண்டு இருந்தாள். வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன.

நான் என் வேலையைப் பார்த்தேன். முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பிடுங்கி, கண்ணாடியைக் கழற்றி எடுத்தபோது, ரப்பர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை ஓடியது. கண்ணாடியைக் கழற்றாமலே சாம்பல் அடித்திருக்கிறார்கள், அதனால் அது அங்கே போகவில்லை. வெயிலும் போகவில்லை. கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருந்தது. நான் சத்தம் போடாமல் அவளைக் கூப்பிட்டேன்.

அவள் தன் தகட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். கலர் தெரியாத எனக்கே தெரிந்தது. ரப்பருக்கு அடியில் இருந்த பச்சையில் நீலம் இருந்தது. கொஞ்சூண்டுதான், ஆனால் இருந்தது.

"உங்கக்கா சொன்னது சரி" என்றாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். "நான் என்ன ஆனையா?" என்று பாய்ந்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு குழப்பம். "அப்போ பெட்டி மூடியில இருக்கறது என்ன?" என்று கேட்டுக்கொண்டே உப்புத்தாளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள்.

வெகு நேரம் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்து, மூடியின் உட்பக்கத்தில் தேய்த்த வட்டத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்க. ஒவ்வொண்ணா பாருங்க. அடியில அசல் பச்சை. அதுக்கு மேல சாம்பல், கதவையும் இந்த மூடியையும் திறந்து வெச்சு அடிச்சப்போ உள்பக்கமும் விழுந்திருக்கு. அதுக்கு மேல..."

சாம்பலுக்கு மேலே ஒரு பச்சை இருந்தது. கறுத்த பச்சை. அதற்கு மேல் இன்னொரு பச்சை, வெளிறியது. அதற்கும் மேல், பாலிஷ் போட்டு அவள் ஏமாந்த இந்தப் பச்சை.

"எல்லாம் சாம்பலுக்கு அப்புறம் அடிச்சது. பிரஷ்ஷால அடிச்சது. வண்டிக்கு அடிக்கற பெயிண்ட்கூட இல்ல, கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கற பெயிண்ட்டு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அழுக்கு படிஞ்சிருக்கு, அப்படின்னா ஒரே நாள்ல அடிக்கல. ரொம்ப இடைவெளி விட்டு விட்டு அடிச்சிருக்காங்க." மூடியின் கீல் பக்கத்தில் படிந்திருந்த பழைய கிரீஸைத் துடைத்துக் காட்டினாள். விரல் நகம் அளவுக்கு ஒரு இடத்தைச் சுரண்டி, அசல் பச்சையை மட்டும் வெளியே தெரியவிட்டிருந்தது. "இதைப் பக்கத்துல வெச்சுப் பாத்துத்தான் கலந்திருக்காங்க. நாங்க பண்றது மாதிரியே."

யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வண்டியின் சாவியை அப்பா யாரிடமும் கொடுத்ததில்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றாள். "முதல் ரெண்டும் சரியா வரலைன்னு தெரிஞ்சு மேல மேல அடிச்சிருக்கார். கடைசி ஒண்ணை மட்டும் ரெண்டு கோட்டு நல்லா நிதானமா அடிச்சு நிறுத்தியிருக்கார். இதுவும் தப்புதானே? பக்கத்துல இருக்கற அசல் பச்சை தனியாத் தெரியுதே. மாமாவுக்குத் தெரியலையா?"

எனக்குக் கலர் தெரியாது. ஆனால் எங்கள் அப்பாவைத் தெரியும். பகல் முழுக்க அவர் பக்கத்தில் கண்ணாடி இறக்கும் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு எதிரில் அப்பா எதையும் செய்யமாட்டார். சாயங்காலம் வண்டியை நிறுத்தியபிறகு மட்டும் உடனே இறங்கமாட்டார். உள்ளே பல்பைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். ஏதோ கணக்குப் பார்க்கிறார் என்று அம்மா சொல்வாள். "அப்பா, சாப்பிட வரணுமாம்" என்று கூப்பிட்டுவிட்டு நான் ஓடிவிடுவேன். இதை அவளிடம் சொன்னேன்.

"எந்த பல்பு?"

கேபின் கூரையில் இருந்த சின்ன மஞ்சள் பல்பைக் காட்டினேன். அது எரியுமா என்று கேட்டாள். ஷெட்டில் இருந்த ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து வயர் கொடுத்தேன். எரிந்தது. ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து பார்த்தோம். என் வீட்டுக்காரி மூடியை ஒரு பார்வை பார்த்தாள். அந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், கண் நிறையும்வரை.

அக்காவுக்கு அவளேதான் போன் செய்தாள். "அண்ணி, நீங்க சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. சாயங்காலம் வாங்க" என்றாள். வாழ்க்கையில் முதன்முதலாக அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை என் காதால் கேட்டேன்.

அக்கா வந்தபோது வெளிச்சம் இருந்தது. அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். ஒவ்வொரு வளையமாக, எது முதலில், எது பின்னால் என்று இவள் சொல்லிக்கொண்டே போனாள். சாம்பல் வளையத்தைத் தாண்டி மூன்று பச்சைகள் என்றபோது அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. சாம்பல் அடிச்சதுக்கு அப்புறமா?"

"அப்புறம்தான். சாம்பலை அவர் கோபத்துலதான் அடிச்சிருப்பார் அண்ணி, அதை நான் மறைக்கல. ஆனா இது அதுக்கு அப்புறம்."

நகம் அளவு சுரண்டிய இடத்தையும் காட்டினாள். பகல் வெளிச்சத்தில் அது தனியாகத் தெரிந்தது, நீலம் ஓடிய பச்சை. "இதுதான். நான் காட்டினது இதுதான்" என்று அக்கா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த பச்சையில் மஞ்சள் ஓடியது. "பாவம், அவருக்குக் கலக்கத் தெரியல" என்று லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

நான் ஷட்டரை இறக்கினேன். உள்ளே இருட்டியது. பல்பைப் போட்டேன்.

"கையை எடுங்க அண்ணி."

அக்கா விரலை எடுத்தாள். தேய்த்த வட்டத்தைத் தவிர மூடி முழுக்க ஒரே பச்சை. நகம் அளவு இடத்தைக் காணோம். அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து தேடினாள். விரலால் தடவி, சுரண்டிய பள்ளத்தை வைத்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. மஞ்சள் பல்புல இந்த ரெண்டு பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் கலந்தது, காய வெச்சது, திறந்து திறந்து பாத்தது எல்லாமே இந்த வெளிச்சத்துலதான்." என் வீட்டுக்காரி மூடியை மெல்ல ஒரு தடவு தடவினாள். "மாமாவுக்கு சரியா வந்துடுச்சு அண்ணி. அதான் நிறுத்திட்டார்."

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த மூடியையே பார்த்தாள். பிறகு கோபம்தான் முதலில் வந்தது.

"இத்தன தடவ உக்காந்து கலந்தாரே. ஒரு தடவ பஸ் ஏறி வரக்கூடாதா? பிள்ளைங்களக் கூட்டிட்டு ஓடி வந்திருப்பேனே. அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே."

எனக்கும் அப்பாமேல் அந்த நிமிஷம் அப்படி ஒரு ஆத்திரம். பாசத்தைப் பெட்டிக்குள் பூசி மூடிவைத்துவிட்டுப் போன மனுஷனை என்னவென்று சொல்ல? அக்கா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். சின்ன வயதில் விழுந்து அடிபட்டதுபோல வாய்விட்டு அழுதாள். பெயிண்ட் கையோடு ஒருவரையும் தொடாதவள் என் வீட்டுக்காரி, அவளை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் வெளியே நின்று அழுதேன். டிங்கர் அழுதால் யாருக்கும் தெரியாது, முகமெல்லாம் ஏற்கெனவே அழுக்கு.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தபின் அக்கா கேட்டாள். "வண்டிக்கு எந்தப் பச்சையை அடிக்கப்போற?"

"நீங்க காட்டின பச்சைதான். ரப்பருக்கு அடியில அப்படியே இருக்கு. அட்சரம் பிசகாம கலந்துடுவேன்."

"அது வேண்டாம். இதை அடி."

"அண்ணி, இது தப்பான கலர். பகல்ல பாத்தா வேற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். அது கம்பெனிக்காரன் கலந்தது, யாருக்கு வேணும்னாலும் குடுத்திருப்பான். இது எங்கப்பா எனக்குன்னு கலந்தது."

அந்தத் தப்பான பச்சையைக் கலக்க என் வீட்டுக்காரி பட்ட பாடு, சரியான எதற்கும் பட்டதில்லை. கை தானாக நீல டப்பாவுக்குப் போகும், இழுத்துக்கொள்வாள். மறுபடி போகும். "உங்கப்பா என் பிழைப்பையே கெடுக்கறார்" என்று திட்டிக்கொண்டே கலந்தாள். வண்டி முழுவதையும் அடித்தாள். பெட்டி மூடியை மட்டும் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டாள். தேய்த்த வளையங்களோடு அது அப்படியே இருக்கிறது.

காய்ந்து, கண்ணாடி மாட்டி, வண்டியை வாசலில் நிறுத்திய அன்று அக்கா தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். வண்டி எங்களிடம் தங்கப்போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இனி தைத்த துணிகளை அதில்தான் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாளாம். பெரியவன் ஓட்டுவானாம். ஷெட் வேலைக்கு நான் வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துப் பழைய வண்டிகளைச் சேர்க்கும் ஒருவர் தன் காரை விடுவதற்காக வந்தார். பிக்கப்பைச் சுற்றி வந்து, கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கினார். "வேலை சுத்தமா இருக்கும்மா. ஆனா கலரைக் கோட்டை விட்டுட்டீங்களே. இந்த மாடலுக்கு வந்த பச்சையில நீலம் ஓடும். இது மஞ்சளா இருக்கு."

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வரப்போகும் இடிக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அக்காவும் உள்ளே உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரி கதவின் மேலிருந்த தூசியைத் துணியால் நிதானமாகத் துடைத்தாள்.

"ஆமா சார், தப்புதான்" என்றாள்.